குருநகர்த் தலைவரும் நாவற்புலத்துத் தண்ணீரும்

யாழ்ப்பாணத்தில் என்னிடம் முதலில் பேசிய பெண்மணி என்னை வெளியே போகச் சொன்னார். அப்படித்தான் எனக்குப் பட்டது. குருநகரில் எனக்கு ஏற்பாடாகியிருந்த வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி திரேசம்மா வாசலில் வந்து நின்று, "அரை மணித்தியாலத்திலை வெளிக்கிடுங்கோ தங்கச்சி," என்றார். என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் பெட்டியைத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளிக்கிடுவது என்றால் அங்கே புறப்படத் தயாராவது. மீனவர் சமாசத்தின் தலைவர் என்னோடு கதைக்கக் காத்திருக்கிறாராம்.

1983 பங்குனி மாதம் அது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தராக இருந்தேன். எங்கள் ஐஸ் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. குருநகரில் சங்கங்கள் ஒன்றுகூடி, சமாசம் என்ற பெயரில் நடத்தும் ஐஸ் தொழிற்சாலை ஒரு நாளும் நிற்பதில்லை என்று யாரோ சொல்ல, "போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா" என்று என்னை அனுப்பிவைத்தார்கள். அந்த வருடம் ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு யாரும் அப்படிச் சாதாரணமாகப் போய்வர முடியாமல் போயிற்று. அதனால்தான் அந்த ஆறு நாட்களும் எனக்கு இத்தனை துல்லியமாக நினைவிருக்கின்றன.

தலைவர் சவிரிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாரம் என்று அங்கே சொல்லும் கைலியும் அரைக்கைச் சட்டையும் அணிந்திருந்தார். கடலைப் பார்த்த ஒற்றை அறைதான் சமாச அலுவலகம். அவருக்கு இடப்பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் சங்கத்தின் நிலைமையை விளக்கினேன். பாதிக்கு மேல் சொன்ன பிறகுதான் அவர் ஒன்றையும் கேட்கவில்லை என்று புரிந்தது.

"மற்றப் பக்கத்துக் கதிரையிலை இருங்கோ தங்கச்சி. இந்தக் காது நாவற்புலத்திலை கிடக்குது," என்றார்.

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். காதை எப்படி ஓர் ஊரில் விட்டுவிட்டு வர முடியும் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. நாவற்புலம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, வலிகாமத்தில் இருக்கும் தோட்டக்காரர் ஊர் என்று மட்டும் சொன்னார். குருநகரில் எங்கே தோண்டினாலும் உவர்நீர். ஐஸ் போட நல்ல தண்ணீர் வேண்டும். அதற்காக நாவற்புலத்தில் தில்லையம்பலம் என்பவரின் கிணற்றிலிருந்து நாள்தோறும் நான்கு தடவை தண்ணீர் ஏற்றி வருகிறார்கள். தண்ணீர்த் தாங்கி வைத்த அந்த லாரியைப் பவுசர் என்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சிவப்பரிசி இடியப்பமும் மீன் குழம்பும் சொதியும். எங்கள் வீட்டில் இடியப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இங்கே அதே பாலில் பச்சை மிளகாய் வெட்டிப் போட்டு எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டேன். "காணுமோ?" என்று திரேசம்மா கேட்டபோது எதைக் காணவில்லை என்று இலையைச் சுற்றித் தேடினேன். போதுமா என்று கேட்டிருக்கிறார்.

தலைவரைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். திரேசம்மா மீன் விற்கும் பெண்களின் சார்பில் சமாசக் குழுவில் இருப்பவர். அதனால் ஒளிக்காமல் சொன்னார்.

"சோலி சுரட்டு இல்லாத நேர்மையான மனிசன். ஒரு கட்டி ஐஸ் முறை மாறி ஒருத்தருக்கும் போகாது. தன்ரை தம்பிக்கும் போகாது. ஆனா நாவற்புலம் எண்டால் மட்டும் ஆள் வேறை. எங்கடை மீன் விக்கிற வான் முதல் நிக்கிறது அங்கை. எங்கடை லொறியிலைதான் அவையின்ரை வெங்காயம் ரயிலுக்குப் போகுது. குருநகர் அவர் பெத்த பிள்ளை, நாவற்புலம் செல்லப்பிள்ளை எண்டு சனம் கதைக்குது."

"ஏன் அப்படி?"

"அதை மரியதாசைக் கேளுங்கோ. பவுசர் ஓடுறவன். அவனுக்கு வாய் ஓயாது."

மறுநாள் விடியலில் கரைக்குப் போனேன். எங்கள் கரையில் படகு வந்ததும் யார் உரக்கக் கத்துவது என்று போட்டி நடக்கும். இங்கே பெண்கள் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடைதான் வரிசையில் நின்றது. ஆள் எங்கே போனாலும் இடம் போகவில்லை. தவக்காலம் என்பதால் கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி இல்லை. பிடித்த மீனுக்கெல்லாம் கிராக்கி. கொழும்புக்குப் போகும் பெட்டிகளில் ஐஸை உடைத்துப் போட்டு உமி கொட்டி மூடினார்கள். ஒருவர் பெட்டியை மற்றவர் தூக்கிவிட்டார். நான் அதையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

ஐஸ் தொழிற்சாலையில் பாளங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. நடுவில் மட்டும் வெள்ளை விழுந்து ஓரங்கள் கண்ணாடியாக இருக்க வேண்டும். இவை முழுக்கவே பால்போல் மங்கியிருந்தன. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "ஒரு மாசமாய் இப்பிடித்தான். உறையவும் நேரம் செல்லுது," என்றார். அந்த மங்கலான நிறத்தை எங்கள் ஊரில் நான் பார்த்திருந்தேன். எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மரியதாசின் பவுசரில் ஏறி நாவற்புலம் போனேன். கடல் வாசம் போய் மண் வாசம் வந்த இடத்தில் அவர் கதையைத் தொடங்கினார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்குமாம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குருநகர் இளைஞர்கள் கூலிக்குக் கிணறு வெடிக்கப் போவார்களாம். அந்தப் பக்கம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அலவாங்கு என்ற கடப்பாரையால் துளை போட்டு வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும்.

"தில்லையம்பலத்தாற்றை தகப்பன்ரை கிணத்துக்குச் சவிரி அண்ணைதான் வெடி வைச்சவர். திரியைக் கொளுத்திப்போட்டு ஏறேக்கை கயிறு அறுந்து போச்சு. பேந்தென்ன, உள்ளை விழுந்திட்டார். மேலை நிண்ட சனமெல்லாம் ஓடீட்டுது. தில்லையம்பலத்தார்தான் மற்றக் கயிறைப் பிடிச்சு இறங்கினவர். அப்ப அவருக்கும் அண்ணையின்ரை வயசுதான். தேப்பன்காரன் வேண்டாமெண்டு கத்தக் கத்த இறங்கி, அண்ணையைத் தோளிலை போட்டுக்கொண்டு ஏறினவர். கிணத்து விளிம்புக்கு வர வெடிச்சுது."

"காது?"

"காது அதிலை போனதுதான். அதுக்கு மேலை கேளுங்கோ. ரத்தம் வடிஞ்ச ஆளை வீட்டுக்குள்ளை விடேல்லை. வண்டில் கொட்டிலிலைதான் கிடத்தினவை. அவர் வெடிச்ச கிணத்துத் தண்ணியை அவர் தொட்டு அள்ளேலாது. மேலை நிண்டு அவை ஊத்த, கையை ஏந்தித்தான் குடிச்சவர். எட்டு நாள். அந்த எட்டு நாளும் தில்லையம்பலத்தார் தகப்பனோடை கோவிச்சுக்கொண்டு கொட்டிலிலைதான் படுத்தவர்."

மரியதாஸ் தானாகவே மேலும் சொன்னார். "அந்த ஊரிலை மேலை நிண்டு ஊத்தின தண்ணியையும் அவர் மறக்கேல்லை, இறங்கின கயிறையும் மறக்கேல்லை. ஆனா தலைவராய் வந்த பிறகு கயிறுக்குத்தான் நன்றி செய்யிறார்."

நாவற்புலம் சிவந்த மண்ணும் பச்சை வெங்காயப் பாத்திகளுமாக இருந்தது. தஞ்சை வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அவர்கள் தோட்டம் செய்யும் முறை வியப்பாக இருந்தது. ஓர் ஆற்றைக்கூடக் கண்ணில் பாராத நிலம். ஒவ்வொரு பாத்தியையும் கிணற்றுத் தண்ணீரால் வளர்த்திருந்தார்கள். வரப்புகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன.

தில்லையம்பலம் மெலிந்த மனிதர். நெற்றியில் திருநீறு. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் மனைவி சிவபாக்கியம் தேநீர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையைத் தாண்டி நாக்கின் ஓரத்தில் உப்பு நின்றது. நான் முகத்தை மாற்றாமலிருக்கப் பார்த்தேன். சிவபாக்கியம் கண்டுவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னால் உங்களுக்குக் காது கேக்காது," என்றார் கணவரிடம்.

தில்லையம்பலம் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். மிளகாய்ச் செடிகளின் இலை நுனிகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தன. கிணற்றடியில் பவுசருக்கு நீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளாக இப்படி?"

"தை முடியேக்கை தொடங்கினது. நல்ல தண்ணி மேலை, சவர்த் தண்ணி கீழை பிள்ளை. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் கீழை கிடக்கிறது மேலை வரும்."

"தலைவரிடம் சொல்லவில்லையா?"

"அவர் இந்த ஊரிட்டை இதுவரைக்கும் கேட்டது ஒண்டே ஒண்டு. அதுக்கு நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? நீங்களும் சொல்லிப்போடாதையுங்கோ."

தாங்கி நிறைந்து புறப்பட்ட பவுசர் ஒரு மைல்கூடப் போகவில்லை. பின்சக்கரம் வெடித்து லாரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. மரியதாஸ் என்னைத் தட்டிவானில் ஏற்றிவிட்டார். அது பாதி மரத்தால் செய்த வண்டி. பின்புறத் தட்டியைத் திறந்து ஆட்களையும் மூட்டைகளையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். எனக்கு ஒரு கத்தரிக்காய் மூட்டையின் மேல் இடம் கிடைத்தது. எதிரே யாழ்ப்பாணத்தில் பேக்கரி வைத்திருக்கும் இரண்டு சிங்களவர்கள் தங்கள் மொழியில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த ஆசிரியர் எனக்கு மொழிபெயர்த்தார்: "வண்டி எங்களைக் கொண்டுபோகுதோ, நாங்கள் வண்டியைக் கொண்டுபோறமோ எண்டு கேக்கினம்." சொல்லி வாய் மூடவில்லை, வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பேக்கரிக்காரர்களும் தள்ளினார்கள், இன்னும் சிரித்தபடி.

தள்ளும்போதும் பிறகும் எனக்கு எங்கள் ஊர்க் கிணறுதான் நினைவில் ஓடியது. எங்கள் தொழிற்சாலையின் மோட்டார் இரவும் பகலும் ஓடியது. தண்ணீர் மாறத் தொடங்கிய முதல் மாதத்திலேயே எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தேநீர் போடுவது நான்தானே. மேலாளர் முகம் சுளிப்பாரே என்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த கோடையில் அந்தக் கிணறு கடலாகிவிட்டது. சுற்றியிருந்த ஏழெட்டு வீட்டுக் கிணறுகளும் அதோடு போயின.

அன்று மாலை திரேசம்மா வீட்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் போட்டு, புளியும் உறைப்புமாகக் காய்ச்சியிருந்தார். மடித்த பனையோலையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது, நிறுத்தவும் மனமில்லை. தலைவரும் வந்திருந்தார். அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நாவற்புலத்தில் தேநீர் உப்பாக இருக்கிறது," என்றேன்.

அவர் ஓலையைக் கீழே வைத்தார். "தில்லை சொன்னவனோ?"

"சொல்லக்கூடாது என்று சொன்னார்."

அவர் எழுந்தார். கை கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாவற்புலத்துப் பக்கமாகப் போய்விட்டார். பொழுது சாய்ந்திருந்தது. "கூழ் ஆறுது அண்ணை," என்று திரேசம்மா கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காது.

தலைவர் நிறுத்தச் சொன்னதால் சனிக்கிழமை பவுசர் ஓடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் என்று அறிவித்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சுருக்கமாகச் சொன்னார்: கிணறு சவர்ப்படுகிறது, மழைக்காலம் வரும்வரை அங்கே மோட்டார் போட்டு இறைக்கக் கூடாது, ஐஸ் குறையும்.

உபதலைவர் பத்திநாதர் எழுந்தார். மூன்று இயந்திரப் படகு வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"தவக்காலத்திலை ஐஸ் இல்லையெண்டால் பிடிக்கிற மீனைக் கடலிலையே கொட்டிப்போட்டு வாறதோ? மழை பெய்தால் கிணறு ஊறும். இந்த ஒரு கோடையைத் தாண்ட விடுங்கோ. தலைவருக்கு நாவற்புலத்திலை ஒரு பிடிப்பு. அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிடிப்புக்கு எங்கடை பிள்ளையள் பட்டினி கிடக்கேலாது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்தேன். எங்கள் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போயும் அது ஊறவில்லை என்றேன். எனக்கு முன்பே தெரியும், நான் பேசாமலிருந்தேன் என்பதையும் சொன்னேன். அதை அதுவரை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பத்திநாதர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இவ விருந்தாளி. உங்கடை கடல் வேறை, எங்கடை கடல் வேறை."

தலைவர் எழுந்தார். "பத்தி சொன்னது சரி. எனக்கு அங்கை பிடிப்பு இருக்கு. அந்த ஊரிலை நான் செத்திருக்கோணும். ஒருத்தன் இறங்கித் தூக்கினவன். அதுக்காக வானை அங்கை நிப்பாட்டினன், வெங்காயம் ஏத்தினன். அது பிழையெண்டால் பிழைதான். ஆனா அந்தப் பிடிப்பு இல்லாட்டி எங்களுக்கு இந்தத் தண்ணி ஒரு நாளும் வந்திருக்காது. எங்கடை சனத்தைக் கிணத்துக் கட்டிலை ஏற விடாத ஊர் அது. இப்ப நாளுக்கு நாலு தரம் எங்கடை பவுசர் கிணத்தடியிலை நிக்குது. அப்பிடிக் கிடைச்சதை நாங்களே கடலாக்கிப்போட்டு, நாளைக்கு எந்த முகத்தோடை அங்கை போறது?"

கை தூக்கச் சொன்னார்கள். பெண்களில் பலர் தலைவர் பக்கம். ஆனால் படகுக்காரர்களின் கைகள்தான் அதிகம். இறைப்பதைத் தொடர வேண்டும் என்று முடிவாயிற்று.

"சபையின்ரை முடிவு முடிவுதான். ஆனா அதை நான் நடத்தேலாது. வேறை ஆளைப் பாருங்கோ," என்றார் சவிரிமுத்து. குரலில் கோபமில்லை. மேடையிலிருந்து இறங்கி உறுப்பினர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு பத்திநாதர் எழுந்துபோய்க் கூட்டத்தை முடித்துவைத்தார். அவர் முகத்தில் வென்ற களை இல்லை.

அன்று பகல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தச் சமாசத்தைப் பார்த்து வியந்து எழுத வந்தவள், வந்த ஐந்தாம் நாள் அதன் தலைவரை இறக்கிவிட்டேன் என்று திரேசம்மாவிடம் சொன்னேன். "நீங்கள் சொல்லாட்டில் வேறை ஆரும் சொல்லியிருப்பினம். ஆனா அதுக்குள்ளை கிணறு போயிருக்கும்," என்றார் அவர். மாலையில் உட்கார்ந்து எங்கள் சங்கத்துக்கு அறிக்கை எழுதினேன். முதல் பத்தியிலேயே எங்கள் கிணற்றைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததை எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகு நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை நான் புறப்படும் நாள். காலையில் விடைபெற அலுவலகத்துக்குப் போனேன். பத்திநாதர் உள்ளே உட்காராமல் வாசலிலேயே உலாத்திக்கொண்டிருந்தார். மரியதாசின் பவுசர் விடியற்காலையில் போனது இன்னும் வரவில்லை. சவிரிமுத்து கரையில் மற்றவர்களோடு மீன்பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

எட்டு மணியளவில் பவுசர் வந்தது. அதன் பின்னால் இரண்டு டிராக்டர்கள். அங்கே உழவு மெசின் என்கிறார்கள். பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டிகளில் தண்ணீர்ப் பீப்பாக்களை நெருக்கமாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முதல் டிராக்டரில் தில்லையம்பலம் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கச் செம்மண். மரியதாஸ் முந்தின நாளே போய் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். தில்லையம்பலம் அன்று மாலையே தண்ணீர் கேட்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

அவர் இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது முறை எழுதின தாள். எந்த நாள் எந்த வீட்டுக் கிணறு எண்டு கிடக்கு. ஒரு கிணத்திலை நாலு பீப்பாவுக்கு மேலை அள்ளக்கூடாது. மோட்டார் இல்லை, கையாலைதான். அப்பிடி எடுத்தால் கிணறு தாங்கும். உங்களுக்கு அரைவாசி ஐஸாவது போடலாம்."

பத்திநாதர் தாளை வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "ஊர் முழுக்கச் சம்மதிச்சதோ?"

"இல்லை. சில வீடு கதவும் திறக்கேல்லை. அவையின்ரை பேர் அதிலை இல்லை."

"உங்கடை கிணறு?"

"அது மழை வரைக்கும் சும்மா கிடக்கட்டும்."

கரையிலிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு பெண் பீப்பாவிலிருந்து கையால் அள்ளிக் குடித்துப் பார்த்து, தன் சிறு மகளுக்கும் கொடுத்தாள். சவிரிமுத்து மட்டும் வரவில்லை. தூரத்திலேயே பெட்டியைத் தோளில் வைத்தபடி நின்றார்.

"இந்தத் தாளை ஆர் பொறுப்பெடுக்கிறது?" என்று தில்லையம்பலம் கேட்டார்.

பத்திநாதர் அதை நான்காக மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"என்னட்டைத் தராதையுங்கோ. தலைவர் அங்கை நிக்கிறார்," என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பீப்பாவை இறக்கப் போனார்.